ரீகா மியூசியத்தில் தரையில் உட்கார்ந்த கதை

"ஏன்டி ரோஸி, நாளன்னைக்கு ஏரோப்ளேன் ஏறப்போறவ, போய்ப் பெட்டியைக் கட்டாம இங்க வந்து என் ஊர்க்கதையக் கேட்டுக்கிட்டு நிக்கிறியே, உனக்கு வேற வேலை இல்லையா? நான் என்னத்தச் சொன்னாலும் நீ அங்க போய் மாத்தித்தான் செய்யப்போறே."

இப்படித் திட்டிவிட்டுத்தான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ரோஸியும் சின்னப் பெண் இல்லை, பேரன் எடுத்தவள். நான் பார்த்த வேலையைத்தான் அவளும் பார்க்கிறாள். எழுந்து நடமாட முடியாத பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, கூடவே கிடப்பது. ரங்கூனில் இந்த வேலைக்கு ஒழுங்காக ஒரு பேர் கிடையாது. நர்ஸ் என்று சொன்னால் நர்ஸுகளுக்குக் கோபம் வரும். ஆயா என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். ரோஸியின் நோயாளி ஒருவரை வைத்தியத்துக்காக பாங்காக் அழைத்துப் போகிறார்கள், இவளும் கூடப் போகிறாள். வெளிநாடு போனால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். எப்படியும் நடந்துகொள்ளலாம், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள் என்றேன். அவள் விடவில்லை. சரி, நான் ரீகா போன கதையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் படித்தது கொஞ்சம். ரங்கூன் பக்கத்தில் தன்லியின் என்கிற என் ஊரில், கோயில் பள்ளிக்கூடத்தில் சில நாள் பெஞ்சு தேய்த்தேன், பிறகு அம்மாவோடு மீன்கூடை தூக்கினேன். அவசரம் இல்லையென்றால் வாசிப்பேன். புருஷன் போனபிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கப் போனேன். ஒருநாள் ஆள் குறைந்தது என்று என்னைப் படுக்கை விரிக்கக் கூப்பிட்டார்கள். அப்படியே வார்டுக்குள் போனவள்தான், துவைக்கிற தொட்டிப் பக்கம் திரும்பவில்லை.

அங்கே தலைமை நர்ஸாக ஒரு பர்மிய அம்மா இருந்தார். எல்லாரும் சயாமா என்போம், டீச்சர் என்று அர்த்தம். குச்சி மாதிரி உடம்பு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் நம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். அவ்வளவுதான். என்ன தப்பு என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் தப்பே இருக்காது, அவர் நிஜமாகவே ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் கட்டிலில் படுக்கச் சொல்வார். நாங்கள்தான் நோயாளி. இன்னொருத்தி வந்து தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், நாற்காலிக்கு மாற்ற வேண்டும். முடிந்ததும் படுத்திருந்தவளிடம் கேட்பார், எந்த இடத்தில் பயந்தாய் என்று. நான் படுத்திருந்தபோது ஒருத்தி என்னைத் தொட்டாள், பயமாக இல்லை, அவள் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது என்றேன். அன்றிலிருந்து அந்த வார்டில் எல்லாப் பெண்களும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கையை அக்குளில் வைத்துச் சூடாக்கினோம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் எல்லாரும் குளிரில் நிற்கிற கோழிகள் மாதிரி இருந்திருப்போம்.

சயாமா சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுதான் எனக்குக் கடைசிவரை சோறு போட்டது. ஒருத்தரைத் தூக்காதே, அவரோடு சேர்ந்து எழுந்திரு. ஒருத்தரை இறக்காதே, அவரோடு சேர்ந்து இறங்கு. உன் முழங்கால் அவர் முழங்காலை விடக் கூடாது. செயலில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் கழன்றுபோகும்.

ஆஸ்பத்திரியை விட்டபின் வீடு வீடாகப் போனேன். ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் இருந்தார், சோறு ஊட்டினால் விரலைக் கடிப்பார். ஸ்பூன் கொடுத்தால் ஸ்பூனைக் கடிக்கமாட்டார், பல் போய்விடுமாம். மாவ்பியில் ஒரு பாட்டிக்கு என்னைப் பார்த்தாலே மருமகள் ஞாபகம், தினமும் காலையில் என்னை வீட்டைவிட்டுத் துரத்துவார், மத்தியானம் பசிக்கும்போது மன்னிப்பார். அதெல்லாம் போகட்டும்.

கடைசியாகப் பார்த்தது டோ கின் லே அம்மாவை. கியாக்டடாவில் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. டோ என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. பேர்தான் பர்மியப் பேர், ஆள் வெள்ளைக்காரி. பிறந்த ஊர் ரீகா, லாட்வியா என்கிற நாட்டில் கடலோரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ரஷ்யாவோடு சேர்ந்திருந்தது. நம் நாட்டிலிருந்து என்ஜினியர் படிப்புக்கு அனுப்பிய பையன்களில் ஒருவர் அவரைக் கல்யாணம் செய்து இங்கே கூட்டிவந்துவிட்டார். அங்கே அன்னா, இங்கே கின் லே. வந்தவர் வந்தவர்தான். பர்மிய பாஷை என்னைவிடச் சுத்தமாகப் பேசுவார். நாப்பி என்கிற மீன்விழுது போட்ட குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. லுங்கி கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் தபால்காரர் மட்டும்தான் திடுக்கிடுவார். புருஷன் இறந்தபின் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. என்னை மா மரி என்பார், நான் ஆன்ட்டி என்பேன்.

ஒருநாள் சிட்னியில் இருக்கும் மகனிடம் போனில், எனக்கு ரீகா போய் ஓவிய மியூசியம் பார்க்க வேண்டும் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் படத்தைக்கூட அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மகன் நல்லவன். டாக்டரைக் கேட்டு, டிக்கெட் எடுத்து, தங்க வீடு பிடித்து, எனக்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் வாங்கிவிட்டான். மூன்று மியூசியம் பேர் சொல்லி, அம்மாவை நடக்க விடாதே என்றான். அக்டோபர் மாதம். கிளம்புகிற அன்று கீழே டீக்கடைக்காரர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார்கள், கோயில் தேர் மாதிரி.

ரீகா அழகான ஊர். அதைத் தள்ளுநாற்காலி வைத்திருப்பவளிடம் சொல்லாதே. பழைய தெரு முழுக்க உருண்டைக் கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஆன்ட்டியின் பல் கிடுகிடு என்று ஆடும். வீட்டுச் சுவர்களில் கல்லால் முகம் முகமாகச் செய்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நம்மையே பார்க்கும். மாதாகோயில் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் சேவல் நிற்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று சொன்னபோது கூவிய சேவலாகத்தான் இருக்கும்.

முதல் மியூசியத்தில் கீழைநாட்டுச் சாமான்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் ஊர் அரக்கு டப்பா ஒன்று விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. அதே மாதிரி டப்பாவில்தான் நான் வெற்றிலை வைத்திருக்கிறேன். ஆன்ட்டி அதைப் பார்க்கவில்லை. நாளைக்குப் பெரிய மியூசியம், சீக்கிரம் எழுப்பு என்றார்.

பெரிய மியூசியத்தின் சட்டங்களைக் கேள் ரோஸி, உனக்கு உபயோகப்படும். உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். பையையும் கொடுக்க வேண்டும். பையைக் கொடுக்கமாட்டேன் என்றேன். அங்கே நின்ற பெண்ணுக்குப் பாஷை புரியவில்லை. சரி என்று பையைத் திறந்து, ஆன்ட்டியின் மூத்திரப் பாத்திரத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன். உடனே உள்ளே போ, உள்ளே போ என்று கையைக் காட்டிவிட்டாள். ஒவ்வொரு ஹாலிலும் வாசலோரம் ஒரு நாற்காலி, அதில் ஒரு வயதான அம்மா. படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. அவர்களாக யாரோடும் பேசுவதில்லை. யாராவது கிட்டே போனாலோ கை நீட்டினாலோதான் எழுந்து வந்து மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார்கள்.

ஆன்ட்டி வழியில் எதையும் பார்க்கவில்லை. மாடியில் ஒரு ஹாலுக்குப் போகச் சொன்னார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். உறைந்த ஆறு, கறுப்பாக ரெண்டு படகு. அவ்வளவுதான். காலை முழுக்க அதையே பார்த்தார். இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்பார், திருப்புவேன். கொஞ்சம் பின்னால் என்பார், இழுப்பேன். எனக்குக் கால் வலித்தது. குனிந்து அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்து, அப்படி என்னதான் தெரிகிறது என்று பார்த்தேன். ஆறு தெரியவில்லை. கண்ணாடியில் வாசலோரம் உட்கார்ந்திருந்த காவல் அம்மா தெரிந்தார்.

நான் திரும்பி அந்த அம்மாவின் காதைப் பார்த்தேன். நீளமான காது, மடல் கன்னத்தோடு ஒட்டியது, மேல் விளிம்பு கொஞ்சம் மடங்கியது. தினமும் காலையில் நான் துண்டு நுனியால் துடைக்கிற காது.

மறுநாள் போனால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி. ஆன்ட்டி முகம் சுருங்கிவிட்டது. தேடு என்றார். கீழே சிலைகள் இருக்கிற ஹாலில் கண்டுபிடித்தோம். எங்களைக் கண்டதும் அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் போகிறவரை துடைத்தார். ஆள் தெரிந்துகொண்டுதான் இடம் மாறியிருக்கிறார்.

மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்னும்போது கேட்டேன்.

"ஆன்ட்டி, அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"உங்க காதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க."

ரொட்டியைக் கீழே வைத்தார். அக்கா என்றார். இல்ஸே. தையல் ஃபாக்டரியில் வேலை முடிந்தபின் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னாராம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கல்யாணம் செய்துகொண்டு கிளம்பியபோது அக்கா ஸ்டேஷனுக்கு வந்து, போகாதே என்று கையைப் பிடித்தார், இவர் உதறிவிட்டார். அம்மா பல வருஷம் படுக்கையில் கிடந்தார். அக்கா தனியாகப் பார்த்தார், கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது இவர் போகவில்லை. முதலில் இரண்டு பக்கத்து அரசாங்கமும் விடவில்லை. அப்புறம் கதவு திறந்தது, இவருக்குப் போய் நிற்க முகம் இல்லை. அக்கா தங்கை பேசி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"வீட்டுக் கதவைத் தட்டினா மூஞ்சில அடைச்சிருவா. இங்கன்னா அவ எந்திரிச்சுப் போக முடியாது, வேலை. ஒரு வார்த்தை பேசிட்டா போதும் மா மரி. திட்டினாலும் பரவாயில்ல."

திரும்பிப் போக டிக்கெட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த உடம்போடு இன்னொரு தரம் வர முடியாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

மத்தியானம் உள்ளே போனதும் நான் ஒரு பரீட்சை செய்தேன். ஒரு வெள்ளைக்கல் சிலையின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். உடனே இல்ஸே எழுந்து வந்தார். தரையில் வரைந்திருந்த கோட்டைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். தள்ளுநாற்காலிப் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்தார். எனக்கு விஷயம் புரிந்தது. வெளியே வந்து ஆன்ட்டியிடம் சொன்னேன்.

"தப்புப் பண்ணினா அவங்க பேசித்தான் ஆகணும், அதுக்குத்தானே சம்பளம். நான் பண்ணினா என்னோட பேசுறாங்க. நீங்க பண்ணுங்க."

அந்த ஊருக்கு வந்தபின் அப்போதுதான் அவர் சிரித்தார். என்ன தப்புப் பண்ண, இந்த நாற்காலியில் இருந்துகொண்டு எதையும் எட்டித் தொடக்கூட முடியாதே என்றார்.

மறுநாள் காலையில் லுங்கியும் வெள்ளைச் சட்டையும் கேட்டார். அதுவரை அந்த ஊரில் கம்பளிப் பாவாடைதான் போட்டிருந்தார். இன்றைக்குப் பௌர்ணமி மா மரி என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் விளக்குத் திருவிழா. வீட்டில் சின்னவர்கள் எல்லாம் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட கடோ செய்கிற நாள். உடம்பாலோ வாயாலோ மனசாலோ செய்த தப்பை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், பெரியவர் மன்னித்து வாழ்த்த வேண்டும். ஆன்ட்டி அதை மாமியாருக்கு வருஷா வருஷம் செய்தவர். கிறிஸ்தவளான நானும் ஆஸ்பத்திரியில் சயாமாவுக்குச் செய்திருக்கிறேன். ஃபாதரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இல்ஸே அன்றைக்கும் சிலை ஹாலில்தான் இருந்தார். அவர் நாற்காலிக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார் ஆன்ட்டி. நிறுத்தினேன். இல்ஸே கண்ணாடியைக் கழற்றினார்.

"இறக்கு," என்றார் ஆன்ட்டி.

பிரேக்கைப் போட்டேன். கால்பலகைகளை மடக்கினேன். என் சால்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டேன். கையைச் சூடாக்கினேன், அதை மறக்கவில்லை. அவருடைய இடது முழங்காலுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்து, முதுகைச் சுற்றிப் பிடித்து, இப்போது முன்னால் வரப்போகிறோம் ஆன்ட்டி என்று காதில் சொல்லி, அவரோடு சேர்ந்து இறங்கினேன். முதலில் நல்ல கால், பிறகு மற்றது. இரண்டு பேரும் மண்டியிட்டு நின்றோம். நான் பிடியை விட்டிருந்தால் பக்கவாட்டில் சாய்ந்திருப்பார். இடது கை மேலே வரவில்லை, நான்தான் அதை எடுத்து வலது கையோடு சேர்த்துப் பிடித்தேன். அப்படியே குனிந்தார். நானும் குனிந்தேன். அக்காவுக்கு ஒரு எழுத்தும் புரியாத பர்மிய பாஷையில், உடம்பாலும் வாயாலும் மனசாலும் என்று முழுக்கச் சொன்னார். அவர் தாய்மொழியில் இதைச் சொல்வதற்கு வழி இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

படம் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இல்ஸே எழுந்து நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று ஆன்ட்டி பிறகு எனக்குச் சொன்னார். தரையில் உட்கார அனுமதி இல்லை.

அவ்வளவுதான், நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அக்கா பேசிய முதல் வார்த்தை. ஆன்ட்டி நெற்றியை எடுக்கவில்லை. இல்ஸே கொஞ்சம் நின்றார், அப்புறம் குனிந்து ஆன்ட்டியின் இடது கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கையை இழுக்காதீங்க, தோள் போயிரும்," என்று தமிழில் கத்திவிட்டேன். எனக்குப் பதற்றம் வந்தால் தமிழ்தான் வரும். பாஷை புரியாவிட்டாலும் கையை விட்டார். அக்குளுக்குக் கீழே எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று பேரும் சேர்ந்து எழுந்தோம். தள்ளுநாற்காலிக்குத் திருப்பப் போனேன். இல்ஸே தலையை ஆட்டிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த காவல் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் உட்கார வைத்தோம்.

சத்தம் கேட்டு மேலதிகாரிப் பெண் கையில் வாக்கி டாக்கியோடு வந்துவிட்டாள். ஏதோ கேட்டாள். இல்ஸே நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். அந்தப் பெண் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆன்ட்டி அழ ஆரம்பித்தார். என்ன சொன்னார்கள், வெளியே போகச் சொல்கிறார்களா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இவ என் தங்கச்சி, ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கா, இங்கத்துச் சட்டம் மறந்துபோச்சுன்னு சொன்னா."

அன்று மியூசியம் மூடுகிறவரை தங்கை காவல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அக்கா பக்கத்தில் நின்று சிலைகளைப் பார்த்துக்கொண்டார். மூடப்போகும்போது இல்ஸே ஆன்ட்டியின் பின்மண்டையைத் தொட்டு ஒன்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இந்த முடியை யார் வெட்டியது என்று கேட்டிருக்கிறார். நான்தான் வெட்டினேன், அதில் என்ன குறை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மியூசியத்துக்கு நாங்கள் போகவே இல்லை. இல்ஸேயின் வீட்டுக்குப் போனோம். தரைத்தளம், ரெண்டு ரூம். முதலில் அவர் செய்தது தங்கைக்கு முடியைத் திருத்தியது. அதைச் செய்துகொண்டே திட்டினார், நிறையத் திட்டினார். ஆன்ட்டி தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டார், கத்தரி இருக்கிறதே.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது ஆன்ட்டி, நான் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றார். மகன் போனில் என்னைத்தான் பிடித்துக் கோபித்தான், அம்மாவை அங்கே யார் பார்ப்பது என்று. நான் போனை இல்ஸேயிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, கடைசியில் அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. என் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, அந்த மாதம் முழுக்க நான் அந்த ஊர் சயாமாவாக இருந்தேன். இல்ஸேயைக் கட்டிலில் படுக்கச் சொல்லி நான் புரட்டினேன், எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று ஆன்ட்டியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் நல்ல மாணவி. அம்மாவைப் பார்த்த கை, மறக்கவில்லை. தப்புச் செய்தால் நான் பக்கத்தில் போய் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே மரத்தில் மஞ்சள் இலை எல்லாம் கொட்டித் தீர்ந்திருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை.

இல்ஸே மியூசியத்துக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று நான் பெட்டி கட்டினேன். அதோடு என் வேலையும் முடிந்தது. வேறு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

தன்லியினில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். போகும்போது வயசான அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனவள், வரும்போது கையில் பெட்டியோடு தனியாக வந்தால் கேட்கமாட்டார்களா? செத்துவிட்டார், இவள் மறைக்கிறாள் என்று ஒருத்தி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். எதிர்வீட்டு டோ ஏ நேராகவே கேட்டாள்.

"அந்த அம்மா எங்கே?"

"மியூசியத்துல குடுத்துட்டு வந்துட்டேன். பழைய சாமானையெல்லாம் அங்க நல்லாப் பாத்துக்கிறாங்க."

டோ ஏ நம்பிவிட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கவலையோடு கேட்டாள்.

"தினமும் தூசி தட்டுவாங்களா?"

"தட்டுவாங்க. அவங்க அக்காதான் தட்டுறாங்க," என்றேன்.